மரியாதை தெரிஞ்ச பூனை

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி, இந்தக் கூடையை பெஞ்சு மேல வச்சுக்கிடுதேன். கீழ வைக்க முடியாது. அந்தா நிக்கு பாருங்க ஒரு நாய், அது பார்வையே சரியில்ல. டாக்டரம்மா உள்ள ஒரு ஆட்டுக்குக் காலுல கட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்களாம். எப்படியும் அரை மணி நேரம் ஆயிரும்.

உங்க பையில பூனைதான? நெனச்சேன். எத்தன கிலோ? ஆறரையா! அதான பாத்தேன், நீங்க உள்ள வரும்போதே தோள் ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. டாக்டரம்மா பூனை ஓடுற சக்கரம் வாங்கச் சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்களே. வாங்கியாச்சா? வாங்கியும் ஏற மாட்டேங்குதா? அப்பம் நீங்க சரியான ஆள் பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்கீங்க.

என் பேரு ஞானதுரை. இந்தப் பாளையங்கோட்டையில முப்பத்தோரு வருசம் பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். நூறு மீட்டர்ல இருந்து மாரத்தான் வரைக்கும் எத்தனையோ பிள்ளைகள ஓட வச்சிருக்கேன். இது தேறாதுன்னு மத்த வாத்தியார்மாரு கைவிட்ட பிள்ளைகளத்தான் எங்கிட்ட அனுப்புவாங்க. அப்படிப்பட்டவனுக்கு ஒரு பூனைய ஓட வைக்க மூணு மாசம் ஆச்சு. மூணு மாசம்! அதச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. உங்களுக்கு உபயோகமா இருக்கும்.

மொதல்ல ஒண்ணு. இது என் பூனை இல்ல. எனக்குப் பூனைன்னா ஆகாது. நாய்னா ஒரு ஒழுங்கு இருக்கும். வான்னா வரும், இருன்னா இருக்கும். பூனைகிட்ட அதெல்லாம் நடக்குமா? இது எம்மவ பெனிட்டாவோடது. அவ மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கா. போன மார்ச்ல அவள பத்து மாசத்துக்கு ஜெர்மனிக்குப் போகச் சொல்லிட்டாங்க. பூனைய எங்க விட? ஒரு நாள் காலையில ஆட்டோவுல வந்து எறங்குதா, ஒரு கையில பெட்டி, இன்னொரு கையில இந்தக் கூடை.

"ப்பா, இது பணியாரம்"னா.

பணியாரம்னா திங்கத்தான கொண்டு வருவாங்க? நான் ஆசையா மூடியத் தொறக்கேன், உள்ள இருந்து ரெண்டு கண்ணு என்னையப் பாக்கு. ஒரு சீவனுக்கு வைக்கிற பேரா தம்பி அது? நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். வெறும் "ஏய்"தான். பணியாரம், அந்தப் பக்கம் பாக்காத, நாய் இருக்குல்லா.

பெனிட்டா ஒரு பேப்பர்ல சட்டதிட்டம் எல்லாம் எழுதி ஃப்ரிட்ஜுல ஒட்டிட்டுப் போனா. வாசலத் தாண்ட விடக் கூடாது. குட்டியில இருந்தே மூணாவது மாடி வீட்டுக்குள்ளயே வளந்தது, அதுக்கு ரோடும் தெரியாது, தெருநாயும் தெரியாது. காலையில ஒரு கப்பு சாப்பாடு, சாயங்காலம் ஒரு கப்பு. வேற எதுவும் கொடுக்கக் கூடாது. 'வேற எதுவும்'ங்கிறதுக்கு அடியில ரெண்டு கோடு. அந்த ரெண்டு கோடும் அவ அம்மாவுக்காகப் போட்டது. என் வீட்டுக்காரி ரெஜினாவுக்குக் கை சும்மா இருக்காது. யாரு வீட்டுக்கு வந்தாலும் எதையாவது திங்க வைக்கணும்.

வந்தப்ப இது நாலே கால் கிலோ. ஆறு மாசத்துல ஏழு கிலோ. ஏழு! சோபாவுல ஏறணும்னா மொதல்ல நின்னு யோசிக்கும். பெறகு முன்னங்கால ரெண்டையும் மேல வச்சுட்டு, மிச்சத்த யாராவது தூக்கி விடட்டும்னு திரும்பிப் பாக்கும். நான்தான் தூக்கி விடுவேன்.

இங்க கூட்டிட்டு வந்தேன். டாக்டரம்மா ரஹ்மத் எங்க ஸ்கூல்ல படிச்ச பிள்ளைதான். ஒம்போதாங் கிளாஸ்ல லேட்டா வந்ததுக்கு கிரவுண்ட ஆறு ரவுண்டு ஓட விட்டேன். அத இன்னும் ஞாபகம் வச்சிருக்கு. என்னையப் பாத்ததும் நாற்காலியில இருந்து எந்திரிச்சிட்டு. பாசம்.

தராசுல வச்சுப் பாத்துட்டு, "சார், இதுக்கு யாரு சாப்பாடு போடுதா?"ன்னு கேட்டாங்க.

"வீட்டுக்காரிதான்."

"வேற யாரும் எதுவும் கொடுக்கலையே?"

"சேச்சே"ன்னேன்.

நான் என்ன கொடுத்தேன்? காலையில நான் இட்லி சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியில வந்து உக்காரும். ஒரு விள்ளல், நெய்ல தொட்டு. அது சாப்பாட்டுல சேருமா? மத்தியானம் மீன் வச்சா ஒரு துண்டு, முள்ள எடுத்துட்டுத்தான். சாயங்காலம் டீ குடிக்கும்போது ரஸ்க்க பால்ல நனச்சு ஒண்ணு, சில நாள் ரெண்டு. இதெல்லாம் ஒரு தீனியா? ரெஜினாதான் கப்பத் தலதட்டாம குமிச்சுப் போட்டிருப்பா.

"இப்படியே விட்டா சுகர் வந்துரும் சார். மூட்டும் போயிரும். இப்பமே மூச்சு வாங்குது பாருங்க"ன்னாங்க டாக்டரம்மா. "வெளிய விட முடியாதுன்னா வீட்டுக்குள்ள ஓடுறதுக்கு சக்கரம் ஒண்ணு விக்காங்க, அத வாங்குங்க."

அன்னைக்கு பெனிட்டாகிட்ட ரெஜினா போன்ல சொன்னா. அவ அழுதுட்டா. எம்மவ அப்படி லேசுல அழமாட்டா, கேட்டீங்களா. நான் பக்கத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். போன்ல அவ அழுறது கேக்கு. எனக்கு என்னமோ போல ஆயிட்டு. பூனைய இளைக்க வச்சே தீரணும்னு அந்த நிமிசம் முடிவு பண்ணினேன். ஓட வைக்கிறது எனக்கு என்ன புதுசா?

சக்கரம் ஒரு வாரத்துல வந்துட்டு. அவளே அங்கன இருந்து ஆர்டர் போட்டு அனுப்பிட்டா. நாலடி ஒசரம். உள்பக்கம் வழுக்காம இருக்க கார்ப்பெட் ஒட்டியிருக்கு. ஒரு நாள் முழுக்க உக்காந்து மாட்டினேன், கடைசியில ரெண்டு திருகாணி மிச்சம். எங்க போவணும்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, ஆனா சக்கரம் சுத்துது. பூனை என்ன செஞ்சுது? சக்கரம் வந்த அட்டப்பெட்டிக்குள்ள போய்ப் படுத்துட்டு. ரெண்டு நாள் அதுக்குள்ளயே குடியிருந்துச்சு. எங்க சர்ச்சு பாஸ்டர் வீட்டுல ஜெபம் பண்ண வந்தவரு, ஹாலு நடுவுல நிக்கிற சக்கரத்த ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது உங்களுக்கா சார்?"ன்னு கேட்டாரு. என் வயித்தையும் ஒரு பார்வை பாத்தாரு. ரெஜினா அடுக்களைக்குள்ள போய்ச் சிரிக்கா. மூணாம் நாளு பாத்தா, அவ அதுல துண்டு காயப் போட்டிருக்கா.

நான் முறைப்படி ஆரம்பிச்சேன். காலை அஞ்சரைக்கு ஒண்ணு, சாயங்காலம் அஞ்சுக்கு ஒண்ணு, ஆக ரெண்டு செஷன். சுவத்துல சார்ட் ஒட்டினேன். மொத வாரம் அஞ்சு நிமிசம், ரெண்டாவது வாரம் பத்து. கழுத்துல விசில். பூனையத் தூக்கிச் சக்கரத்துக்குள்ள வச்சு, விசில ஊதி, கையால மெதுவா ஒரு சுத்து சுத்தினேன். அவ்வளவுதான் தம்பி. அது எப்படி என் தோள் மேல ஏறிச்சு, எப்படித் தலையில கால் வச்சு அலமாரி உச்சிக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. சோபாவுல ஏற முடியாத பூனை! ஆறடி அலமாரி! நான் சார்ட்ல 'ஹை ஜம்ப் நன்று'ன்னு எழுதினேன்.

ரெண்டு நாள் கீழ எறங்கல. சாப்பாடு மேலதான் போச்சு. மூணாம் நாள் எறங்கி வந்துச்சு, திரும்பவும் தூக்கி வச்சேன், கையில மூணு கோடு இழுத்துட்டு. அடுத்த நாள் ரெஜினா சொல்லுதா, "நீங்க விசில எடுத்தாலே அது கட்டிலுக்கு அடியில போயிருது. பாவம், விட்டுருங்க." விட முடியுமா? கண்டிப்பு வேணும். கொஞ்ச நாள் மொரண்டு பிடிக்கும், பெறகு தானா லைனுக்கு வந்துரும். பிள்ளைகளும் அப்படித்தான்.

பெனிட்டாவயே எடுத்துக்கிடுங்க. இதே முறையிலதான் அவள ஓட வச்சேன். எண்ணூறு மீட்டர். ஏழாங் கிளாஸ்ல இருந்து காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுல நிப்பா. மழை பெஞ்சாலும் நிப்பா, காய்ச்சல்னாலும் நிப்பா. என்ன ஓட்டம் தம்பி அது! எங்கிட்ட ஓடினதுல அவள மாதிரி ஒரு பிள்ளை இல்ல. இடது கை மட்டும் கொஞ்சம் வெலகி வீசுவா, அத ஆயிரம் தடவ சொல்லியிருப்பேன். ஸ்டேட் லெவல் போயிருக்க வேண்டியவ. பிளஸ் ஒன்ல ஒரு நாள் ஓடுற ஷூவ பேப்பர்ல பொதிஞ்சு பரண்ல போட்டுட்டா. படிப்புல ஆர்வம் வந்துட்டு. நான் ஏன்னு கேக்கல, அவளும் சொல்லல. அதுக்குப் பெறகு எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு கொஞ்சம் சுருங்கிட்டு. போன் பண்ணுவா. "சாப்பிட்டியாட்டி?" "சாப்பிட்டேன்ப்பா." "இந்தா, அம்மாகிட்ட குடுக்கேன்." பன்னெண்டு வருசமா அவ்வளவுதான். பொம்பளப் பிள்ளைன்னா அம்மாகூடத்தான பேசும்? இயற்கைதான்.

எங்கன விட்டேன்? ஆங், கையில கோடு. அந்தக் கையப் போட்டோ எடுத்து பெனிட்டாவுக்கு அனுப்பினேன், உன் பூனை லட்சணத்தப் பாருன்னு. 'அப்பா, அதத் தூக்கி வைக்காதீங்க. அதுவா ஏறணும்'னு ஒரு வரி வந்துச்சு. எனக்கே கோச்சிங்! நான் பதில் போடல. ஒரு மணி நேரம் கழிச்சு, அவளே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா. நாலு நிமிசம் பன்னெண்டு செகண்டு.

நாலு நிமிசம் தம்பி. எங்கிட்ட.

சக்கரத்துப் பக்கத்துல சும்மா போய் உக்காருங்க, எதுவும் சொல்லாதீங்க. நெத்திலிக் கருவாட்ட கழுவிக் காயவச்சு, பொடிப்பொடியா கிள்ளி வச்சுக்கிடுங்க. அதுவா சக்கரத்து மேல ஒரு கால் வச்சா ஒரு துணுக்குக் கொடுங்க. கால எடுத்துட்டா விட்டுருங்க. போதும்னு அது நெனைக்கதுக்கு முன்னாலயே நீங்க நிறுத்திரணும்ப்பா. நாளைக்கும் வரணும்னு அதுக்கு ஆசை இருக்கணும். இப்படிச் சொல்லிக்கிட்டே போறா. நடுவுல யாரோ அவளக் கூப்பிடுதாங்க, அவ "வாரேன்"னு இங்கிலீசுல சொல்லிட்டு மறுபடியும் எங்கிட்ட பேசுதா.

அத ஆறேழு தடவ போட்டுக் கேட்டேன். குறிப்பெடுக்கத்தான். ரெஜினா, "எல்லாத்தையும்தான் எழுதியாச்சே, இன்னும் என்ன கேக்கீங்க?"ன்னா. உச்சரிப்பு சரியா விளங்கலன்னேன்.

மறுநாள்ல இருந்து நான் ஒரு புது முறை கண்டுபிடிச்சேன். விசிலக் கழத்தி டிராயருக்குள்ள போட்டேன். சக்கரத்துப் பக்கத்துல தரையில பாயப் போட்டு உக்காந்தேன். கையில கருவாட்டுத் துணுக்கு. என் முட்டிக்கு அது லேசான காரியம் இல்ல. உக்காந்தா எந்திரிக்க ரெஜினா வரணும். மொத நாளு பூனை கட்டிலுக்கு அடியில இருந்து மூக்க மட்டும் நீட்டிச்சு. அஞ்சாம் நாளு வந்து என் கால மோந்து பாத்துச்சு. ஒம்போதாம் நாளு சக்கரத்து மேல ஒரு கால வச்சுது. ஒரே ஒரு கால்! நான் கத்தப் போனேன், வாயப் பொத்திக்கிட்டேன். துணுக்கக் கொடுத்துட்டு, உடனே பெனிட்டாவுக்கு போன் போட்டேன். அங்கன காலை ஏழு மணி போல. பல் வெளக்கிக்கிட்டே எடுத்தா.

"ஏட்டி, ஒரு கால் வச்சிருக்கு!"

"எந்தக் கால்ப்பா?"

"வலது முன்னங்கால்."

"அய்யோ, சூப்பர்ப்பா!"ன்னு கத்துதா. ஸ்டேட் மீட்ல ஜெயிச்ச மாதிரி.

அதுக்குப் பெறகு தெனமும் போன். நான் போட மறந்தா அவ போடுவா. "இன்னைக்கு என்னப்பா?" "இன்னைக்கு ரெண்டு கால்." "இன்னைக்கு?" "உள்ள ஏறி உக்காந்து நக்கிக்கிட்டு எறங்கிட்டு." "இன்னைக்கு?" "ஏட்டி, இன்னைக்கு நாலு அடி வச்சிட்டு, சக்கரம் அசஞ்சதும் பயந்து நின்னுட்டு." பூனையப் பத்தி எவ்வளவு பேச முடியும்? அரை மணி நேரம் பேசலாம் தம்பி. நடுவுல அவ அங்க பனி பெய்யறதச் சொல்லுவா, ஆபீஸ்ல ஒருத்தன் தெனமும் பச்சை வெங்காயம் திங்கறதச் சொல்லுவா. நானும் ஏதாவது சொல்லுவேன். ஒரு நாள் பேசி முடிச்சு வச்சிட்டேன், ரெஜினா இடுப்புல கை வச்சு நிக்கா. "எங்கிட்டப் பேச அவளுக்கு ஒண்ணும் இல்லையாமா?"ன்னா. அப்பத்தான் ஞாபகம் வருது, அம்மாகிட்ட குடுக்க மறந்துட்டேன்.

ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நடக்கும், நிக்கும், எறங்கும். ஓட்டம் மட்டும் வரல. ஒரு நாள் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன், வாசல்லயே ரெஜினா நிக்கா. "ஓடிச்சுங்க! கடகடன்னு ஓடிச்சு! இப்பத்தான், நீங்க கேட்டத் தொறக்குற சத்தம் கேட்டதும் நின்னுட்டு."

நம்பல நான். உள்ள போனா, பணியாரம் சக்கரத்துப் பக்கத்துல ஒண்ணுந் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு. ஆனா சக்கரம் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு.

மறுநாளும் அப்படித்தான். நான் குளிக்கப் போனா ஓடுது. கதவத் தொறந்தா நிக்கு. நான் சர்ச்சுக்குப் போனா ஓடுது, வந்தா நிக்கு. ரெஜினா முன்னால ஓடுது தம்பி! தண்ணி கேன் போட வாறவன் முன்னால ஓடுது! ரெண்டு மாசம் தரையில உக்காந்து முட்டியத் தேச்சவன் நான், எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்குது. கதவு இடுக்குல நின்னு பாத்தேன். கண்டுபிடிச்சிட்டு. திரைச்சீலைக்குப் பின்னால நின்னேன். வயிறு வெளிய தெரிஞ்சிருக்கும் போல, நின்னுட்டு.

யோசிச்சுப் பாத்தேன். மரியாதை. வேற ஒண்ணும் இல்ல. வாத்தியார் வந்தா பிள்ளைக வெளையாட்ட நிறுத்திட்டு எந்திரிச்சு நிக்கும்லா? அது மாதிரி. அதத்தான் பெனிட்டாகிட்டச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாத்தான். "ஏட்டி, உன் பூனைக்கு மரியாதை தெரியுது. நான் பாத்தா ஓட மாட்டேங்குது."

அவ சிரிப்பான்னு நெனச்சேன். லைன் கட்டாயிட்டோன்னு ஹலோ ஹலோங்கேன்.

"எனக்கும் அப்படித்தான்ப்பா இருக்கும்"னா.

"என்னது?"

"நீங்க கிரவுண்டுல கோட்டுப் பக்கத்துல நின்னா எனக்குக் காலு மரத்துப் போவும். நீங்க இல்லாத அன்னைக்குத்தான் நல்லா ஓடுவேன். உங்களுக்குத் தெரியாது."

நெட்வொர்க் சரியில்ல, பெறகு பேசுதேன்னு வச்சிட்டேன்.

அவ சொன்னது சரியில்ல தம்பி. நான் சும்மா கோட்டுப் பக்கத்துல நிக்க மாட்டேன். உள்பக்கமா அவகூடவே ஓடி, ஒவ்வொரு எறநூறு மீட்டருக்கும் டைம் சொல்லிக்கிட்டே வருவேன். வேற எந்த அப்பன் செய்வான்? கடைசியா அவ ஓடினது கோயில்பட்டி மீட்ல. ரெண்டாவதா வந்தா. "ரெண்டாவதுன்னா தோத்தவங்கள்ல மொத ஆளு"ன்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும்தான். ஒரு உற்சாகத்துக்குச் சொல்றது. அடுத்த வாரம்தான் ஷூவப் பொதிஞ்சு பரண்ல போட்டா. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. அப்பம் காலாண்டுப் பரீட்சையும் இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் நான் நடக்கப் போகல. காலு வலி. மறுநாள் பெனிட்டா போன் போட்டா, நான் குளிக்கேன்னு ரெஜினாவச் சொல்லச் சொன்னேன். அதுக்கு அடுத்த நாளும் குளிச்சேன்.

மூணாம் நாளு ஒரு காரியம் பண்ணினேன். ஹால்ல நாற்காலியத் திருப்பிப் போட்டேன். சக்கரத்துக்கு முதுகு, அலமாரிக்கு முகம். அலமாரிக் கதவுல ஆளுயரக் கண்ணாடி இருக்கு. அசையாம உக்காந்தேன். இருபது நிமிசம் இருக்கும். பின்னால லேசா கர்ருன்னு ஒரு சத்தம். பெறகு கடகட, கடகட. கண்ணாடியில பாக்கேன், பணியாரம் ஓடுது. தலைய நேரா வச்சு, வால நீட்டி, வயிறு மட்டும் ரெண்டு பக்கமும் குலுங்க, அப்படி ஒரு ஓட்டம். யாரும் வெரட்டல. கருவாடு இல்ல. அதுக்குப் பிடிச்சு ஓடுது. முப்பத்தோரு வருசத்துல எத்தனையோ ஓட்டம் பாத்திருக்கேன், எல்லாத்துலயும் ஏதாவது ஒண்ணு திருத்திச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு ஒண்ணும் சொல்லத் தோணல. சொன்னா நின்னுரும்லா.

அன்னைக்கு போன நானே போட்டேன். "ஓடிச்சு, பாத்தேன்"னேன். எப்படிப் பாத்தேன்னும் சொன்னேன். "திரும்பி உக்காந்துட்டேன்ட்டி." "தேங்க்ஸ்ப்பா"ன்னா. பூனையத்தான் சொல்லியிருப்பா.

போன மாசம் ஜெர்மனியில இருந்து வந்துட்டா. அஞ்சு கிலோவுக்கு எறங்கின பூனையத் தூக்கிவச்சு ஒரே கொஞ்சல். சாயங்காலம் நான் நாற்காலியத் திருப்பிப் போட்டேன், அவளும் ஒண்ணத் தூக்கிட்டு வந்து பக்கத்துல போட்டா. ரெண்டு பேரும் அலமாரியப் பாத்து வரிசையா உக்காந்திருக்கோம். பின்னால கடகட கடகட. ரெஜினா டீ கொண்டு வந்தவ, "அலமாரியில சினிமாவா ஓடுது?"ன்னா. உஸ்ஸுன்னோம், ரெண்டு பேரும் ஒண்ணுபோல.

நாலாவது நாள் காலையில, ஆறு மணி இருக்கும், வாசல்ல நின்னு ஷூ கட்டிக்கிட்டு இருக்கா. புது ஷூ. "அங்க ஜெர்மனியில ஆத்தங்கரையில தெனமும் ஓடுவேன்ப்பா. ஸ்டேடியம் வரைக்கும் வண்டியில விடுதீங்களா?"ன்னு கேட்டா. எங்கிட்டச் சொல்லவே இல்ல பாருங்க, இத்தன நாள் பேசியும். சரின்னு கொண்டு போய் கேட்டுல எறக்கிவிட்டேன். வண்டிய நிறுத்திட்டு நிக்கேன். உள்ள போவவா, திரும்பவா? அவளும் நிக்கா. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல.

"எனக்குப் பேப்பர் படிக்கணும். வீட்டுல உங்கம்மா டிவியப் போட்டுருவா. இங்கன ஒரு ஓரமா உக்காந்து படிக்கேன்"னேன்.

"சரிப்பா"ன்னா.

கேலரியில மேல் படியில போய் உக்காந்து பேப்பர முகத்துக்கு நேரா விரிச்சுக்கிட்டேன். கீழ அவ ஓடுற சத்தம் கேக்கு. கிட்ட வருது, தூரப் போவுது. அவ்வளவுதான். முடிச்சுட்டு வந்து ரெண்டு படி கீழ உக்காந்து தண்ணி குடிச்சா. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு, திரும்பாமலே கேட்டா, "பாத்தீங்களாப்பா?"

"எங்கட்டி? தலையங்கமே ரெண்டு பத்தி பாக்கி இருக்கு."

"நாளைக்கும் வருவீங்களா?"

"நாளைக்கும் பேப்பர் வரும்லா"ன்னேன்.

அன்னையில இருந்து பதினாறு நாள், ஒரு நாள் விடாம போறோம். ஞாயித்துக்கிழமை ரயிலுக்கு மெட்ராஸ் போறா, பூனையும் கூடத்தான். அதுக்குத்தான் இப்பம் ஊசி போடக் கொண்டு வந்திருக்கேன். சக்கரம் பார்சல்ல போவுது. நல்லதுதான், ஹால்ல எடம் கிடைக்கும். அடுத்த மாசம் நான் மெட்ராஸ் வரணுமாம், அங்க ஏதோ ஓட்டப் பந்தயமாம். "பேப்பர் நான் வாங்கி வைக்கேன்ப்பா"ன்னு சொல்லியிருக்கா.

என்னது, டோக்கன் பதினேழா? அது நான்தான். இருங்க, ஒரு நிமிசம், இதச் சொல்லிட்டுப் போயிருதேன். கிட்ட வாங்க. மொத நாளு ரெண்டு ரவுண்டு, எண்ணூறு மீட்டர், மூணு நிமிசம் இருபத்தோரு செகண்டு. வாட்ச் வேண்டாம் எனக்கு, மனசுக்குள்ளயே ஓடும். போன வாரம் மூணு நிமிசம் ஆறு. இன்னைக்குக் காலையில ரெண்டு அம்பத்தெட்டு! மூணுக்குள்ள வந்துட்டா தம்பி! கடைசி வளைவுல அந்த இடது கை வெலகாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு செகண்டு கொறஞ்சிருக்கும். ரெஜினாகிட்டச் சொன்னா அப்படியே அவகிட்டப் போயிரும். உங்ககிட்டத்தான் சொல்லுதேன், மனசோட வச்சுக்கிடுங்க. நான்தான் பாக்கவே இல்லையே.